அப்டேட், பேட்ச், ரீஸ்டார்ட்: வீட்டுக் கணினிப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, 11 கணினிகளையும் ஆண்ட்ராய்ட் போன்களையும் மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் வரும் என்பதால் அவற்றை ஒலிக்கிறபடியே தமிழில் தந்திருக்கிறோம். போன் கம்பெனிக்குக் கம்பெனி மெனு கொஞ்சம் மாறும்.

பேட்ச், அப்டேட், அப்கிரேட் மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறிப்பிட்ட ஓட்டையை அடைக்கும் சிறு திருத்தம் பேட்ச். பல பேட்ச்களைச் சேர்த்து ஒரே பொட்டலமாக அனுப்புவது அப்டேட். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போவது அப்கிரேட்.

விண்டோஸின் மாத அப்டேட்டில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு மாதப் பொட்டலத்திலும் முந்தைய மாதங்களின் திருத்தங்களும் அடங்கியிருக்கும். ஆறு மாதம் தவறவிட்டிருந்தாலும் ஆறையும் தேடிப் போட வேண்டாம், கடைசியாக வந்ததைப் போட்டால் போதும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'கேபி' என்று தொடங்கும் எண் இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள், வெறுமனே 'விண்டோஸ் அப்டேட் பிரச்சினை' என்று தேடினால் விளம்பரங்கள்தான் வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட் வேறு வகை. 24எச்2 என்றால் 2024-இன் இரண்டாம் பாதியில் வந்த பதிப்பு. உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அழுத்தினால் ஒரு சிறு பெட்டியில் காட்டும்.

பேட்ச் வந்ததும் உடனே போடணுமா? ஒரு மாதம் கழித்துப் போட்டால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பேட்ச் வெளியாகும் நாள் வரை அந்த ஓட்டை பெரும்பாலும் சிலருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். வெளியான மறுகணம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த வரி மாறியிருக்கிறது, அதனால் பழையதில் எங்கே பலவீனம் என்பது நிரலாக்கம் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்யும் அதே வேலையைத் திருடர்களும் செய்கிறார்கள். ஆகவே பேட்ச் வந்த பிறகும் அதைப் போடாமல் இருக்கும் கணினி, முன்பைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது.

2017-இல் நடந்த வான்னாக்ரை தாக்குதல் இதற்குத் தெளிவான சான்று. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்பு பகிர்ந்துகொள்ளும் பழைய முறையில் ஓர் ஓட்டை இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை மார்ச் 14 அன்று வெளியிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12 அன்று. இடையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தது. ஆனாலும் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளையும் நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்களையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இந்த வைரஸ் பரவ யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை, நெட்வொர்க்கில் பேட்ச் போடாத கணினி ஒன்று கிடைத்தாலே தானாகத் தாவியது. மார்ச் பேட்சைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

'நான் தப்பான தளத்துக்கே போவதில்லை, எனக்கு எதற்கு அப்டேட்' என்று கேட்பவர்கள் இந்தக் கடைசி இரண்டு வரிகளை மறுபடி படிக்க வேண்டும்.

சீரோ டே என்று செய்தியில் வருகிறதே, அது என்ன? சிவிஇ எண் எதற்கு?

பேட்ச் தயாராகும் முன்பே திருடர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஓட்டை, சீரோ டே.

வெளியே தெரியவரும் ஓட்டைகளுக்குக் கொடுக்கப்படும் பதிவு எண் சிவிஇ. 1999 முதல் இந்த முறை இருக்கிறது. 2021 டிசம்பரில் உலகெங்கும் சர்வர் நிர்வாகிகளின் தூக்கத்தைக் கெடுத்த லாக்4ஷெல் ஓட்டையின் எண் சிவிஇ-2021-44228. தீவிரத்தைக் காட்ட 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். 7-க்கு மேல் கடுமையானது, 9-க்கு மேல் மிகக் கடுமையானது. லாக்4ஷெல்லுக்கு முழுப் பத்து கிடைத்தது.

வீட்டுப் பயனர் மதிப்பெண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. 'ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்படுகிறது' என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த வரியுள்ள 7 மதிப்பெண் ஓட்டை, அது இல்லாத 9 மதிப்பெண் ஓட்டையைவிட அவசரமானது.

விண்டோஸ் அப்டேட் எப்போது வரும்? எங்கே பார்ப்பது?

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாவதால், நமக்கு அன்றிரவு 10.30 ஆகியிருக்கும், அவர்களின் குளிர்காலத்தில் 11.30. ஆக இந்தியாவிலும் இலங்கையிலும் புதன்கிழமை காலையில் பார்ப்பது சரி.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், இடப்பக்கம் கடைசியில் உள்ள விண்டோஸ் அப்டேட், பிறகு 'செக் ஃபார் அப்டேட்ஸ்'. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' வழியாக அதே இடம். அங்கேயே 'ஆக்டிவ் அவர்ஸ்' என்று ஒன்று இருக்கும். நீங்கள் வேலை பார்க்கும் நேரத்தை அதில் குறித்துவிட்டால், பாதி வேலையில் ரீஸ்டார்ட் ஆகிற தொல்லை வராது. அந்தத் தொல்லைக்குப் பயந்து அப்டேட்டையே நிறுத்திவைப்பவர்கள் ஏராளம், இரண்டு நிமிட வேலையில் தீரக்கூடியது அது.

தினமும் இரவு ஷட்டவுன் செய்கிறேன். அப்படியும் ஏன் ரீஸ்டார்ட் கேட்கிறது?

ஏனென்றால் விண்டோஸில் ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கும். அது விண்டோஸின் மையப்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் போட்டுக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற முடியாது. மையப்பகுதி புதிதாகத் தொடங்கினால்தான் பேட்ச் உள்ளே போகும்.

சோதித்துப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனால் 'அப் டைம்' தெரியும். தினமும் அணைக்கும் கணினியிலும் அது பல நாட்களைக் காட்டலாம். மெனுவில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' அல்லது 'அப்டேட் அண்ட் ஷட்டவுன்' என்று தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும் வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது.

அப்டேட் போட்டதால் கணினியே கெட்டுப்போனது என்கிறார்களே?

நடக்கக்கூடியதுதான், மறைப்பதற்கில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன, விமான நிலையங்கள் முடங்கின. ஆனால் அது விண்டோஸ் அப்டேட் அல்ல. பெரும்பாலும் நிறுவனங்களில் மட்டும் இருக்கும் மென்பொருள் அது. வீட்டுக் கணினிகளில் அன்று பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை.

விண்டோஸ் அப்டேட்டாலும் சில நேரம் பிரிண்டர் வேலை செய்யாது, சத்தம் வராது, சில நேரம் அப்டேட்டே பாதியில் தோற்கும். 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 அப்படித் தோற்ற ஒன்று. டிஸ்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கியிருக்கும் ரெக்கவரி பகுதியில் 250 எம்பி காலியிடம் அதற்குத் தேவை. பல கணினிகளில் அந்த இடம் இல்லை. பொதுவாகத் தோல்விக்கு முதல் காரணம் இடப் பற்றாக்குறைதான். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

கெட்டுப்போனால் செய்ய வேண்டியது இது:

1. கணினி திறக்கிறது என்றால்: விண்டோஸ் அப்டேட், 'அப்டேட் ஹிஸ்டரி', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. தேதியைப் பார்த்துக் கடைசியாக வந்ததை நீக்குங்கள்.
2. ஆண்டுப் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை என்றால்: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்'. இது 10 நாள் மட்டுமே கிடைக்கும். அதற்குள் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று 'விண்டோஸ் ஓல்ட்' ஃபோல்டரை அழித்துவிட்டால் திரும்ப வழியில்லை.
3. திறக்கவே இல்லை என்றால்: விண்டோஸ் சின்னம் தெரியும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரெக்கவரித் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'.

மூன்றாவது வழியில் போகும்போது, டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற வசதியின் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் உள்ளே நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. பலருக்கு அது பூட்டியிருப்பதே தெரியாது. செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' போய்ப் பாருங்கள். ஆன் என்று இருந்தால், போன் பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் உள்ள ரெக்கவரி சாவியைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே செய்யுங்கள். சாவி எங்குமே இல்லையென்றால் அந்த டிஸ்கில் இருக்கும் புகைப்படங்களை எந்தக் கடைக்காரராலும் மீட்டுத்தர முடியாது.

அப்டேட் டேட்டாவைத் தின்றுவிடுகிறதே?

மாத அப்டேட் சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் போகும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', வைஃபை, பிராப்பர்ட்டீஸ் போய் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்யலாம். பெரிய டவுன்லோடுகள் நிற்கும். ஆனால் அதை அப்படியே மறந்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறையாவது வேறு வைஃபையில் இணைத்து அப்டேட்டை முடித்துவிடுங்கள். இன்னொன்று, விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' இருக்கும். அதில் இன்டர்நெட்டில் உள்ள பிற கணினிகளுக்கும் அனுப்பலாம் என்று தேர்வாகியிருந்தால், உங்கள் டேட்டாவில் ஊரார் கணினிக்கு அப்டேட் போய்க்கொண்டிருக்கும். உள்ளூர் நெட்வொர்க் மட்டும் என்று மாற்றுங்கள்.

இன்னும் விண்டோஸ் 10-தான் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

2025 அக்டோபர் 14-உடன் அதற்கான இலவச மாத அப்டேட் நின்றது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்துகொண்டால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் கிடைக்கும். பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவதற்கான இணைப்பு தெரியும்.

11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் தேவை. 'டிபிஎம் இல்லை' என்று வந்தவுடன் கணினியை மாற்றிவிடாதீர்கள். பல போர்டுகளில் அது இருக்கும், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். அதை ஆன் செய்த பிறகு மறுபடி சோதியுங்கள். உண்மையிலேயே பழைய கணினி என்றால், இணையம், கடிதம், வீடியோ போன்ற வேலைகளுக்கு லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும்.

தமிழ் டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்களும் பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கரும் ஓட வேண்டும் என்பதற்காகவே விண்டோஸ் 7 அல்லது எக்ஸ்பி வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளின் பத்திரிகை, புத்தகக் கோப்புகள் அந்த எழுத்துருவில் இருக்கும்போது மாற்றுவது எளிதல்ல என்பது நியாயமான காரணம். அந்தக் கணினியை வைத்துக்கொள்ளுங்கள், இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடுங்கள். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வேறு கணினியில் இருக்கட்டும். பென்டிரைவில் கொண்டுபோகும் கோப்பை முதலில் புதிய கணினியில் ஸ்கேன் செய்யுங்கள்.

ஆக்டிவேட் செய்யாத விண்டோஸுக்கு அப்டேட் வருமா? கிராக் போடலாமா?

வரும். ஆக்டிவேட் செய்யாவிட்டால் திரையின் மூலையில் எழுத்து தெரியும், வால்பேப்பர் போன்ற அலங்காரங்களை மாற்ற முடியாது, ஆனால் பாதுகாப்பு அப்டேட் நிற்பதில்லை. ஆபத்து, காசு கட்டாமலே ஆக்டிவேட் செய்ய உதவும் கிராக் நிரலில் இருக்கிறது. 'முதலில் டிஃபெண்டரை அணையுங்கள், பிறகு இதை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்' என்பதுதான் அதன் முதல் படியே. விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் என்ற காவலை விலக்கிவிட்டு, யார் எழுதியதென்றே தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரம் கொடுக்கிறீர்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல்கள் இந்த வழியாக நிறையப் பரவுகின்றன.

ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கணுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் போதும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு கணினி நகராது.

'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதி, 5 வைரஸ் உள்ளன' என்று திரையின் வலது மூலையில் வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் 'அலவ்' கொடுத்ததால் வரும் நோட்டிஃபிகேஷன். குரோமில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத பெயர்களை நீக்கினால் நின்றுவிடும்.

தளத்தைத் திறந்தால் 'பிரவுசரை அப்டேட் செய்யுங்கள்' என்று வருகிறது. செய்யலாமா?

வேண்டாம். எந்த மென்பொருளின் அப்டேட்டும் அதன் உள்ளேயிருந்துதான் வர வேண்டும். வலைப்பக்கம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் சொல்லும் அப்டேட் எதையும் தொடாதீர்கள். குரோமுக்கு: மேலே மூன்று புள்ளி, ஹெல்ப், 'அபௌட் கூகுள் குரோம்'. அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அப்டேட் தேடும், முடிந்ததும் 'ரீலாஞ்ச்' அழுத்துங்கள். இருபது டேப் திறந்திருக்கிறது என்று ரீலாஞ்சைத் தள்ளிப்போட்டால் பேட்ச் இறங்கியும் பயனில்லை. டேப்கள் தானாகத் திரும்ப வந்துவிடும்.

இப்போது இன்னொரு தந்திரமும் நடக்கிறது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய, விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் அழுத்தி, கண்ட்ரோல் வி கொடுத்து, என்டர் அழுத்தவும்' என்று பக்கம் சொல்லும். அது ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை வைத்திருக்கும். நீங்களே உங்கள் கையால் மால்வேரை, அதாவது தீங்கு செய்யும் நிரலை, ஓட்டுவீர்கள். எந்த உண்மையான சோதனையும் இதைக் கேட்காது.

போனுக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும்?

செட்டிங்ஸ், 'அபௌட் போன்', ஆண்ட்ராய்ட் வெர்ஷன் போனால் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதி தெரியும். ஆண்ட்ராய்ட் 13, 14 என்ற எண்ணைவிட இந்தத் தேதி முக்கியம். அது ஓராண்டுக்கு மேல் பழையதாகி, புதிதாக எதுவும் வரவில்லை என்றால் அந்த போனில் வங்கி ஆப் வைத்திருக்காதீர்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு 7 ஆண்டு என்று அந்த நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. மலிவு போன்களில் மிகக் குறைவு. வாங்கும்போது கேமராவைக் கேட்கிற மாதிரி இதையும் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு வந்தது. திறந்துவிட்டேன்.

பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், ஏபிகே என்பது ஆப். போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயர்களிலும் வருகிறது. இன்ஸ்டால் ஆனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கி, ஓடிபியை அனுப்பிவிடும்.

தட்டிப் பார்த்ததோடு நின்றிருந்தால் கோப்பை அழித்துவிடுங்கள். இன்ஸ்டால் ஆகி அனுமதியும் கொடுத்திருந்தால், உடனே ஏரோப்ளேன் மோட் போடுங்கள், வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன்பு நிறுத்த ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இலங்கையில் வங்கிக்கு அடுத்தபடியாக கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சர்ட் அமைப்பிடம் புகார் செய்யலாம். ஆப் நீக்க முடியாமல் அடம்பிடித்தால் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' பட்டியலிலும் ஆக்சஸிபிலிட்டியிலும் அதன் அனுமதியை எடுத்துவிட்டு நீக்குங்கள். பிறகு பாஸ்வேர்டுகளை இன்னொரு கருவியிலிருந்து மாற்றி, அந்த போனை ஃபேக்டரி ரீசெட் செய்வது உத்தமம்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றணுமா?

வேண்டாம். கசிந்தது என்று தெரிந்தால் மாற்றுங்கள். மாதாமாதம் மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணைத்தான் மாற்றுகிறார்கள். நீளமாக இருக்கட்டும், ஒவ்வொரு தளத்துக்கும் வேறாக இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தாலே நல்ல நீளம் வரும். குறள், பாட்டு வரி வேண்டாம். மின்னஞ்சல் பாஸ்வேர்டுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஏனெனில் மற்றவற்றை ரீசெட் செய்வது அதன் வழியாகத்தான்.

ஓடிபி, ஆதென்டிகேட்டர், பாஸ்கீ: எது நல்லது?

எஸ்எம்எஸ் ஓடிபி, எதுவுமே இல்லாததைவிட மேல். திருடன் உங்கள் எண்ணுக்கு ஏமாற்றி வேறு சிம் வாங்கிவிட்டால் அந்த ஓடிபி அவன் கைக்குப் போய்விடும். ஆதென்டிகேட்டர் ஆப் 30 நொடிக்கு ஒருமுறை 6 இலக்கம் தரும், சிக்னல் வேண்டாம். எண் தப்பு என்றே வந்தால் போனின் கடிகாரம் தானியங்கி நேரத்தில் இருக்கிறதா பாருங்கள். இரண்டிலும் ஒரு குறை: போலித் தளத்தில் நீங்களே எண்ணைத் தட்டிக் கொடுத்துவிடலாம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போன் அல்லது கணினியைத் திறக்கும் கைரேகை, முகம், பின் எண் கொண்டு உள்ளே நுழையவிடும் பாஸ்கீ, உண்மையான தள முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும் என்பதால் அந்த ஏமாற்று நடக்காது. கிடைக்கும் இடத்தில் அதையே வையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே நுழைய கூகுள் தரும் 10 பேக்கப் எண்களை அச்சிட்டு வைக்க மறக்காதீர்கள்.

ரான்சம்வேர் வந்தால்?

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மால்வேர் அது. முதலில் இணையத்தையும், சொருகியிருக்கும் ஹார்ட்டிஸ்க், பென்டிரைவையும் பிடுங்குங்கள். பூட்டிய கோப்புகளை அழிக்காதீர்கள். யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறப்பான் உண்டு. இன்று இல்லாதது ஓராண்டு கழித்து வரலாம். பணம் கொடுத்தால் திறப்பார்கள் என்று உத்தரவாதம் இல்லை.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், பூட்டிய கோப்பும் சிங்க் ஆகிவிடும். பழைய பதிப்பு குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் இருக்கும். தனி ஹார்ட்டிஸ்கில் மாதம் ஒரு நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றிவையுங்கள். எப்போதும் சொருகியே இருக்கும் ஹார்ட்டிஸ்கும் கூடவே பூட்டப்படும்.

ரௌட்டருக்கும் அப்டேட் உண்டா?

உண்டு, பலர் வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 தட்டுங்கள், சரியான எண் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே 'ஃபர்ம்வேர் அப்கிரேட்' என்று தேடுங்கள், ரௌட்டரை இயக்கும் உள் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ரௌட்டரே செயலிழக்கலாம், ஆகவே யுபிஎஸ்ஸில் சொருகிவிட்டோ மின்தடை இல்லாத நேரத்திலோ செய்யுங்கள். இணைய இணைப்பு நிறுவனம் கொடுத்த ரௌட்டர் என்றால் ஃபர்ம்வேரை அவர்களே அனுப்புவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது உள்நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு.